தயிர் வைத்துக் கட்டிய கால்

பங்குனி வெயில் காலையிலேயே மதுரை வில்லாபுரத்து மொட்டைமாடிகளைச் சுடத் தொடங்கியிருந்த ஒரு நாளில், சாக்கு வியாபாரி சேக் இஸ்மாயில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பாதங்கள் அதுவரை காலுறையை அறிந்ததில்லை. சிம்மக்கல்லில் உள்ள தம் கடைக்குள் அவர் செருப்புக்கூட அணிய மாட்டார். சோறு போடும் இடம், பரக்கத் என்னும் இறையருள் குடியிருக்கும் இடம் என்று சொல்லி, வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பகல் முழுவதும் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடப்பது அவர் வழக்கம். அக்கடையை அவருக்கு முன் நடத்திய அவருடைய தந்தையின் வழக்கமும் அதுவே.

"என்னத்தா, மாப்பிள்ளை கணக்கா சாக்ஸெல்லாம் போடுறீங்க? கடைக்குப் போறீங்களா, நிக்காவுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள் மகள் ஃபர்ஹா.

"பேப்பர்ல படம் வந்த புள்ளையப் பெத்தவன்மா நான். கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா?"

"கெத்து கெடக்கட்டும்" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி சாதிகா. "ராத்திரி ஒறை ஊத்துன தயிருல பாதியக் காணோம். நேத்தும் இதே கதைதான். இந்த வீட்டுல பூனையும் கெடையாது."

"மோராக் கரைச்சுக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். வெயிலு எம்புட்டு அடிக்குது பாரு!"

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். பெருநாளைக்கு வாங்கிய துணியை முன்கூட்டியே காட்டாமல் ஒளித்து வைத்திருப்பவரின் சிரிப்பு அது. ஃபர்ஹா அதைக் கவனித்தாள். ஆனால், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆய்வகத்தில் எலிகள் காத்திருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஃபர்ஹா நகரத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி. சர்க்கரை நோய் உள்ளவர்களின் தோலில் ஏற்படும் புண் எளிதில் ஆறுவதில்லை. நம் உடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொண்டு அதை ஆற்ற முடியுமா என்பதே அவளுடைய ஆய்வு. ஒரே ஒரு வகைப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்து, வேறெந்தக் கிருமியும் கலவாமல் வளர்த்து, அளவு பிசகாமல் களிம்பில் சேர்த்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் முதுகுப் புண்களில் அவள் தடவினாள். அந்தப் புண்கள் மற்ற எலிகளின் புண்களைவிட விரைவாகச் சுருங்கின. மகிழத்தக்க முடிவுதான், ஐயமில்லை. ஆனால், அது எலியோடு நிற்கும் முடிவு. எலியிலிருந்து மனிதனுக்கு வருவதற்கு இடையே பல ஆண்டுச் சோதனைகளும் எத்தனையோ ஏமாற்றங்களும் உண்டு என்பதை ஃபர்ஹாவைவிட நன்றாக அறிந்தவர் அந்த வீட்டில் எவரும் இல்லை.

இஸ்மாயில் காலுறை மாட்டிய அந்த நாளுக்குச் சில நாள் முன்பு, கல்லூரி விழாவில் அந்த ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. செய்தி சேகரிக்க வந்த இளைஞர், "மேடம், சனங்களுக்குப் புரியுற மாதிரி ஒரே வரியில சொல்லுங்க" என்றார். "தயிர்ல இருக்குமே, அந்த மாதிரி நல்ல பாக்டீரியா" என்றாள் ஃபர்ஹா. மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில், அவளுடைய புன்னகைக்கு மேலே, 'சர்க்கரைப் புண்ணை ஆற்றும் தயிர்: மதுரை மாணவி கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தது. எலி என்னும் சொல் அந்தச் செய்தியில் ஓரிடத்திலும் இல்லை.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஸ்யாமளா அன்று காலையிலேயே அழைத்தார். "ஃபர்ஹா, இது தப்பு. தயிர்னு நாம எங்கயும் சொல்லலை. அவங்களைக் கூப்பிட்டு இன்னிக்கே திருத்தம் போடச் சொல்லு."

"சொல்றேன் மேடம்."

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால், அதற்குள் அத்தா அந்தத் தெரு முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர்களெல்லாம் வீட்டு வாசலில் நின்று துவா செய்துவிட்டுப் போனார்கள். செய்தித்தாளில் வந்த படத்தைச் சட்டமிட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார் இஸ்மாயில். இத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவில், 'அது அப்படி இல்லை' என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த நாளும் அப்படியே போயிற்று. பொய் சொல்பவனைப் பொய்யன் என்று தயங்காமல் அழைக்கிறோம். தன்னைப் புகழும் பொய்யைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பவரை என்னவென்று அழைப்பது என்று நம்மில் ஒருவரும் யோசிப்பதில்லை.

அத்தா காலுறை மாட்டத் தொடங்கிச் சில நாள்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஃபர்ஹா, அத்தா ஜும்மாவுக்குப் போகலம்மா. ஒடம்பு அனலாக் கொதிக்குது. ரூமுக்குள்ள ஒரு மாதிரி வாடை வேற. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. நீ ஒடனே வா."

சேக் இஸ்மாயில் ஜும்மாத் தொழுகையைத் தவறவிட்டு அவள் பார்த்ததில்லை. ஆட்டோவில் வரும்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. சில நாள்களாகவே அத்தா பள்ளிவாசலுக்குப் போகாமல் மாடியறையில் தனியே தொழுதார். தொழுகைக்கு முன் எல்லாரோடும் உட்கார்ந்து கால் கழுவி ஒளு செய்பவர், கதவைச் சாத்திக்கொண்டு ஒளு செய்தார். படுக்கும்போதுகூடக் காலுறையைக் கழற்றவில்லை.

அறைக்குள் நுழைந்தாள். அத்தர் மணத்தது. அதற்கு அடியில் புளித்த தயிரின் வாடை. அதற்கும் அடியில் இருந்த மூன்றாவது வாடையை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகள் கெட்டுப்போனால் அவற்றைத் திறக்கும்போது அவள் முகர்ந்திருக்கிறாள்.

"சாக்ஸைக் கழட்டுங்கத்தா."

"ஒண்ணுமில்லம்மா. ஆறிக்கிட்டுத்தான் வருது. முழுசா ஆறுன பெறகு காட்டலாம்னு..."

அவள் காத்திருக்கவில்லை. காலுறையை உருவினாள். உள்ளே சாதிகாவின் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிய துணி. துணிக்குள் மஞ்சளேறித் திரிந்த தயிர். அதை விலக்கியதும் வலது காலின் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. பக்கத்து விரல் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. புறங்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது.

"யா அல்லாஹ்!" என்று சுவரில் சாய்ந்தாள் சாதிகா. "தயிரு போன எடம் இதுதானா?"

"எப்படி ஆச்சுத்தா?"

"சாக்கு தைக்கிற ஊசி, கீழ கெடந்திருக்கும்போல. ஏறுனதே தெரியல. சாக்குல ரத்தம் ஒட்டுச்சு, அப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன்."

"ஏத்தா எங்கிட்டச் சொல்லல? டாக்டர்ட்ட ஏன் போகல?"

இஸ்மாயிலின் கண்கள் காய்ச்சலில் பளபளத்தன. அந்த நிலையிலும் அவர் முகத்தில் அதே சிரிப்பு தலைகாட்டியது. "ஊரு ஒலகத்துக்கே மருந்து கண்டுபிடிச்சிருக்குது எம் மக. நான் வேற டாக்டரத் தேடிப் போனா நாலு பேரு என்ன கேப்பான்? ஒன்னோட மருந்துல மொதல்ல கொணமானது ஒங்கத்தான்னு இருக்கட்டுமேன்னு நெனச்சேன்மா."

ஃபர்ஹா வாசலுக்கு ஓடிப்போய் ஆட்டோ ஒன்றை நிறுத்தினாள்.

மருத்துவமனையில் இருந்த அறுவை மருத்துவர் மருது அதிகம் பேசாதவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிருமி எலும்பு வரை போய்விட்டது என்றார். விரலோடு போகுமா, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்குமா என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். சாதிகா கையொப்பம் இட்டுவிட்டு, நாற்காலியில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் ஃபர்ஹாவை மட்டும் தனியே அழைத்தார்.

"நீங்க என்ன படிக்கிறீங்க?"

சொன்னாள்.

"ஓ! அந்த நியூஸ்ல வந்தது நீங்கதானா?" அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. "எலிப் புண்ணை எப்பப்பப் பார்ப்பீங்க?"

"தினமும் சார். அளந்து, போட்டோ எடுத்து வைப்போம்."

"ஒங்க அத்தா காலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

அத்தாவுக்குச் சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பாதங்கள் உணர்ச்சி இழந்திருக்கும் என்பதை அவள் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறாள். ஆனால், ஒரு நாளாவது அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

"ஒங்க ஆராய்ச்சியை நான் தப்புன்னு சொல்லலை" என்றார் மருது. "நாளைக்கு அது மருந்தா வரலாம், வந்தா சந்தோஷப்படுற முதல் ஆளு நான்தான். ஆனா வீட்டுத் தயிர்ல என்னென்ன கிருமி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ரத்த ஓட்டம் கொறைஞ்ச கால்ல, பாலும் அதுல இருக்குற சர்க்கரையுமா வச்சு, காத்துப் படாமக் கட்டினா, கெட்ட கிருமிக்கு அது விருந்து. அதைவிடப் பெரிய கெடுதல் ஒண்ணு இருக்கு. ஊசி ஏறின அன்னிக்கே வந்திருந்தா, சுத்தம் பண்ணி, மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். தயிரை நம்பி நாளைக் கடத்திட்டாரு."

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் பிழைத்தது.

இத்தோடு ஃபர்ஹா திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால், மனித மனம் அவ்வளவு எளிதில் வளைவதில்லை. வார்டில் கண் விழித்த இஸ்மாயில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். "தப்பு எம் மேலதான். ராத்திரி கடைய அடைச்சிட்டு வந்து, புளிச்சுப்போன தயிரப் போட்டுட்டேன். மருந்து மேல கொறையில்ல. பக்குவம் தெரியாம நாந்தான் கெடுத்துக்கிட்டேன்." தம் மகளின் பெயருக்கு ஒரு கீறலும் விழக் கூடாது என்பதற்காக, இழந்த விரல்களின் பழியையும் அவர் தாமே சுமந்துகொண்டார். ஃபர்ஹா அருகில் நின்று அதைக் கேட்டாள். இப்போது மறுத்துப் பேசினால் அவர் மனம் உடைந்துவிடும். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் அதே 'பிறகு'.

மூன்றாம் நாள் மாலையில் கருத்தக்கண்ணன் வந்தார். சாக்குக் கடையை ஒட்டிய கயிற்றுக் கடைக்காரர்; இஸ்மாயிலின் நெடுநாள் கூட்டாளி. கொய்யாப்பழப் பையோடு வந்தவர் வாசலிலேயே ஒரு கணம் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, கலங்கிய முகத்தை மறைக்கச் சத்தமாகப் பேசினார்.

"என்ன பாய், ரெண்டு வெரலக் கொறைச்சுக்கிட்டு எடைய எறக்கிட்டீராக்கும்? சாக்கு எடை போடுற ஆளு, ஒம்ம எடையில கை வச்சுட்டீரே!"

"வா மாப்ள. ஒக்காரு. நீயாச்சும் சிரிக்க வைக்கிற."

கருத்தக்கண்ணன் உட்கார நடந்தபோது இடது காலைச் சற்றே இழுத்து நடந்தார். அதை ஃபர்ஹா பார்த்தாள். இம்முறை பார்த்ததோடு விடவில்லை.

"மாமா, காலுல என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி. குதிகால் வெடிச்சுப் புண்ணாப் போச்சு. எனக்கும் சர்க்கரை இருக்குல்ல, ஆற மாட்டேங்குது." அவர் குரலைத் தாழ்த்திப் பெருமையோடு சொன்னார்: "ஒன் வைத்தியந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எம் பொண்டாட்டி சின்னத்தாய்க்கு ஒங்கத்தாவே பக்குவம் சொல்லிக் குடுத்தாரு. ஆனா நான் ஏமாற மாட்டேன் பாத்துக்க. பாய் மாதிரி புளிச்ச தயிரு இல்ல. அன்னன்னிக்கு ஒறை ஊத்துன புதுத் தயிரு!"

ஃபர்ஹா அத்தாவைப் பார்த்தாள். அவர் தலையணையில் சாய்ந்தபடி, 'ஆமாம், புதுத் தயிர்தான் சரி' என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கையை உடைக்காமல் கருத்தக்கண்ணனின் காலைக் காப்பாற்ற வழியே இல்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

"மாமா, அது மருந்தே இல்ல" என்றாள்.

"என்ன தாயி சொல்ற?"

"தயிரு மருந்து இல்ல. புதுத் தயிரும் இல்ல, புளிச்ச தயிரும் இல்ல. நான் தயிரையே தொடல மாமா. தனியா வளர்த்த ஒரே ஒரு பாக்டீரியாவை எலிக்குத் தடவிப் பார்த்தேன். மனுசனுக்கு இன்னும் யாரும் தடவிப் பார்க்கல. பேப்பர்ல தப்பாப் போட்டாங்க. அது தப்புன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். எல்லாரும் பாராட்டுனாங்க, கேக்க நல்லா இருந்துச்சு. அதனால சும்மா இருந்துட்டேன்." அவள் அத்தாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க பக்குவம் தப்பாச் செய்யல அத்தா. நான் வாயத் தெறக்காம இருந்ததாலதான் ஒங்க வெரல் போச்சு."

சாதிகா தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தினாள். இஸ்மாயில் கட்டுப் போட்ட தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ முன்பின் தெரியாதவரின் காலைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் பார்வை. அவர் அழுதிருந்தால் ஃபர்ஹாவுக்குத் தாங்க முடிந்திருக்கும்.

பிறகு அவர் கருத்தக்கண்ணனிடம் பேசினார். "மாப்ள, கட்டப் பிரி."

"இங்கயா பாய்? நாளைக்குக் காலையில..."

"பிரிங்கிறேன்ல! நாளைக்குன்னு தள்ளித்தான் நான் இங்க கெடக்கேன். எம் மக சொல்லுதுல்ல?"

ஃபர்ஹா கருத்தக்கண்ணனின் காலடியில் உட்கார்ந்து, குதிகாலில் சுற்றியிருந்த துணியைத் தன் கையாலேயே பிரித்தாள். செவிலியர் ஓடிப்போய் மருத்துவர் மருதுவை அழைத்து வந்தார். அவர் குனிந்து பார்த்தார். அழுத்திப் பார்த்தார். புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தது, எலும்பைத் தொடவில்லை.

"இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நானும் கத்தியத்தான் எடுத்திருப்பேன்" என்றார். "காலத்தோட காட்டுனீங்க. சுத்தம் பண்ணி மருந்து போட்டா ஆறிடும். இனிமே கடைக்குள்ளயும் செருப்பு, வீட்டுக்குள்ளயும் செருப்பு. ரெண்டு பேருக்குந்தான். உணர்ச்சி இல்லாத கால் வெறுந்தரையில நடக்கக் கூடாது."

கருத்தக்கண்ணனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஃபர்ஹா அத்தாவின் கட்டிலருகே நின்றாள். ஏச்சுக்குக் காத்து நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். இஸ்மாயில் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அன்னிக்கே நீ இதச் சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்திருக்கும்மா" என்றார். "மைசூர்பாகு குடுத்த எடத்துல தலைகுனிஞ்சுக்கிட்டு நடந்திருப்பேன். ரெண்டு நாளு. மிஞ்சிப்போனா மூணு நாளு. ஆனா பத்து வெரலோட நடந்திருப்பேன்ல?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் விடவில்லை.

"அழுது என்ன ஆகப்போகுது? எந்திரி. எங்கிட்ட மூணு நாளா எத்தன பேரு தயிரப் பத்திக் கேட்டுட்டுப் போயிருக்கான் தெரியுமா? இந்த வார்டுலயே ரெண்டு மூணு பேரு வீட்டுக்குப் போயிச் செய்யலாம்னு இருக்கான். எனக்குச் சொன்னத அவங்களுக்கும் சொல்லு. சத்தமாச் சொல்லு."

ஃபர்ஹா எழுந்தாள். ஈரக் கன்னங்களைத் துடைக்காமலே வார்டின் நடுவில் வந்து நின்றாள். எதிர்க் கட்டிலில் இருந்த முதியவர், அவருக்குத் துணையிருந்த பெண், கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த இன்னொருத்தி என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சர்க்கரைப் புண்ணுக்குத் தயிரு வைக்கச் சொன்னதா பேப்பர்ல வந்த பொண்ணு நான்தான்" என்றாள். "அது உண்மை இல்ல. இன்னிக்கே பேப்பர்லயும் திருத்தம் போடச் சொல்றேன். தயவுசெஞ்சு யாரும் வைக்காதீங்க. எலிக்குச் சரியானது மனுசனுக்குச் சரியாகுமான்னு இன்னும் தெரியாது. நாளைக்கு மருந்தாகலாம்ங்கிற ஒண்ண இன்னிக்கே புண்ணுல தடவக் கூடாது. தெனமும் காலைத் திருப்பிப் பாருங்க. ஒங்களால குனிய முடியலைன்னா புள்ளைங்களப் பாக்கச் சொல்லுங்க. சின்னக் கீறலா இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்ட்டப் போங்க. என்னை மாதிரி படிச்சவங்க ஏதாவது சொன்னா, அது எலிக்கா மனுசனுக்கான்னு கேளுங்க. கேட்டும் நாங்க சொல்லலைன்னா, அந்தப் பாவம் எங்களோடது. அரைகுறையாச் சொல்றதும் பொய்தான். அடுத்தவங்க அரைகுறையாச் சொல்றப்போ, தெரிஞ்சிருந்தும் திருத்தாம நிக்கிறது அதைவிடப் பெரிய பொய்."